கருமுட்டையை உசுப்பும் புரதம்

குழந்தையின்மைக்கான இக்ஸி சிகிச்சையில் எம்ப்ரியாலஜிஸ்ட் செய்யும் வேலையைப் பார்த்தால் காரியம் அங்கேயே முடிந்துவிட்டதாகத் தோன்றும். முடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசிக்குள் ஒரே ஒரு விந்தணுவை இழுத்து, கருமுட்டையின் சவ்வைத் துளைத்து, உள்ளே விட்டுவிடுகிறார். விந்தணு நீந்த வேண்டாம், முட்டையின் உறையை ஊடுருவ வேண்டாம், சவ்வோடு ஒட்டவும் வேண்டாம். தந்தையின் 23 குரோமோசோம்கள் முட்டைக்குள் வந்து சேர்ந்துவிட்டன. இன்னும் என்ன வேண்டும்?

ஆனால் கருவுற்றது என்று அப்போது யாரும் பதிவேட்டில் எழுதுவதில்லை. 16 முதல் 18 மணி நேரம் கழித்து முட்டையை மறுபடி நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பார்கள். உள்ளே இரண்டு வட்டமான உட்கருக்கள், ஒன்று தாயுடையது, ஒன்று தந்தையுடையது, அடுத்தடுத்துத் தெரிய வேண்டும். ஆய்வகப் பேச்சில் இதற்கு ‘டூ பி.என்.’ என்று பெயர். பத்து முட்டைக்குச் சுமார் ஏழில் தெரியும். மீதியில் தெரியாது. நூறு இக்ஸி சுழற்சிகளில் ஒன்று முதல் மூன்றில், எடுத்த முட்டைகள் அத்தனையும் முதல் நாள் இருந்தபடியே இருக்கும். இப்படித் தோற்ற பல முட்டைகளில் விந்தணு உள்ளேதான் கிடக்கிறது. முட்டைதான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

ஆகவே விந்தணு உள்ளே போவது வேறு, முட்டை விழிப்பது வேறு. பள்ளிப் பாடத்தில் இந்த இரண்டையும் ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறோம். இரண்டாவது எப்படி நடக்கிறது என்று கண்டுபிடிக்க உயிரியலாளர்களுக்கு ஒரு நூற்றாண்டு பிடித்தது. நடுவில் பெரிய பத்திரிகையில் வெளியான ஒரு விடை தவறாகவும் போனது.

முட்டை எங்கே நிற்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஒரு பெண் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே அவளுடைய கருமுட்டைகள் குன்றல் பிரிவைத் தொடங்கிவிடுகின்றன. தொடங்கிய கையோடு நின்றும்விடுகின்றன, சில நாற்பது வருஷத்துக்கும் மேலாக. பருவமடைந்த பின் மாதாமாதம் எல்.எச். ஹார்மோன் திடீரென்று உயரும்போது ஒரு முட்டை மட்டும் நகர்கிறது. முதல் பிரிவை முடித்து, குரோமோசோம்களில் ஒரு பாதியைத் துருவ உறுப்பு என்ற குட்டிச் செல்லாக வெளியே தள்ளுகிறது. பிறகு இரண்டாம் பிரிவின் நடுவில், மெட்டாஃபேஸ் என்னும் கட்டத்தில், மறுபடி நிற்கிறது. குரோமோசோம்கள் வரிசையில் நிற்கின்றன, இழுக்கும் இழைகள் கட்டப்பட்டுவிட்டன. ஆனாலும் பிரிவு நடப்பதில்லை. முட்டை சினைப்பையிலிருந்து வெளியேறி விந்தணுவைச் சந்திப்பது இந்த நிலையில்தான். ஒரு நாளுக்குள் சந்திப்பு நடக்காவிட்டால் அப்படியே அழிந்துபோகும்.

சும்மா நிற்பது என்று இதைச் சொல்ல முடியாது. நிற்பதற்கே முட்டை வேலை செய்கிறது. செல் பிரிவை முன்னே தள்ள, சில புரதங்களைச் சிதைக்கும் ஓர் இயந்திரம் செல்லுக்குள் உண்டு. எமி-2 என்ற புரதம் அந்த இயந்திரத்தைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறது. எமி-2 இருக்கும்வரை முட்டை நகராது. விந்தணு என்ன செய்தாலும் கடைசியில் அது இந்த எமி-2-வை அகற்றியாக வேண்டும்.

இனி பழைய கதைக்குப் போவோம். 1899-இல் அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் கடல் ஆய்வகத்தில் ஜாக் லோப், கருவுறாத கடல் முள்ளெலி முட்டைகளை மக்னீசியம் குளோரைடு கலந்த கடல்நீரில் கொஞ்ச நேரம் வைத்து, மறுபடி சாதாரணக் கடல்நீரில் விட்டார். விந்தணுவே இல்லாமல் முட்டைகள் பிரியத் தொடங்கி லார்வாக்களாயின. செய்தித்தாள்கள் அதை ஆய்வகத்தில் உயிரைப் படைத்துவிட்டதாகக் கொண்டாடின. 1910-இல் பிரான்சில் யூஜீன் பத்தையோன் தவளை முட்டைகளை மெல்லிய ஊசியால் குத்தியே கிளப்பினார். சில தலைப்பிரட்டைகளாகவும் ஆயின. உப்புநீரும் ஊசியும் செய்யக்கூடிய வேலையை விந்தணு செய்கிறது என்றால், வளர்ச்சிக்கான ஏற்பாடு முழுவதும் முட்டைக்குள் ஏற்கெனவே இருக்கிறது, வெளியிலிருந்து வரவேண்டியது ஒரு தூண்டல் மட்டும்தான் என்று ஆகிறது. விந்தணு ஓடி ஜெயிக்கும் வீரன், முட்டை காத்திருக்கும் பரிசு என்று இன்றும் எழுதுகிறவர்கள் லோபை ஒருமுறை படிக்கலாம்.

அந்தத் தூண்டல் கால்சியம் என்பது 1970-களில் உறுதியானது. 1974-இல் ரிச்சர்ட் ஸ்டைன்ஹார்ட், டேவிட் ஈப்பல் முதலியோர் கால்சியத்தைச் சவ்வு தாண்டிக் கடத்தும் ஐயனோஃபோர் என்ற வேதிப்பொருளைப் பல விலங்குகளின் முட்டைகள் மேல் போட்டுப் பார்த்தார்கள். கடல் முள்ளெலி, நட்சத்திர மீன், தவளை, வெள்ளெலி என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத முட்டைகள் எல்லாம் விழித்தன. மூன்று வருஷம் கழித்து ரிட்ஜ்வே, கில்கி, லயனல் ஜாஃபி ஆகியோர் அதைக் கண்ணால் பார்க்க வழி செய்தார்கள். ஜப்பானின் மெடாக்கா மீனின் முட்டைக்குள் ஈக்வோரின் என்ற புரதத்தைச் செலுத்தினார்கள். ஒளிரும் ஒரு ஜெல்லிமீனிலிருந்து ஒசாமு ஷிமோமுரா பிரித்தெடுத்த அந்தப் புரதம், கால்சியம் பட்டால் ஒளிவிடும். விந்தணு நுழைந்த இடத்தில் தொடங்கிய ஒளிப்பட்டை ஒன்று முட்டையின் மறுமுனைவரை கடந்து அணைந்தது.

மீன், தவளை, கடல் முள்ளெலிக்கு ஓர் அலையோடு கதை முடிகிறது. பாலூட்டிகளில் அப்படி இல்லை. 1981-இல் சுண்டெலி முட்டையை அதே ஈக்வோரினை வைத்து ஆராய்ந்தபோது அலை ஒன்றோடு நிற்கவில்லை, திரும்பத் திரும்ப வந்தது. வெள்ளெலி முட்டைகளில் ஷுன்-இச்சி மியாசாகி இதையே விரிவாகக் காட்டினார். சுண்டெலியில் முதல் எழுச்சி சில நிமிடங்கள் நீடிக்கிறது. பிறகு பத்து, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை என்று சுமார் நான்கு மணி நேரம் துடிப்பு தொடர்கிறது. மனித முட்டையில் இடைவெளி இன்னும் அதிகம்.

இந்தத் துடிப்பைத் தொடங்கிவைப்பது எது? இங்கேதான் இரண்டு கட்சிகள் உருவாயின. விந்தணு முட்டையின் மேற்பரப்பைத் தொடும்போது, ஹார்மோன் தன் ஏற்பியைத் தொடுவதுபோல ஒரு சமிக்ஞை உள்ளே போகிறது என்றது ஒரு கட்சி. சவ்வுகள் இணைந்தபின் விந்தணுவுக்குள்ளிருந்து ஏதோ ஒரு பொருள் முட்டைக்குள் கசிகிறது என்றது இன்னொன்று. 1990-இல் கார்ல் ஸ்வான், விந்தணுக்களை உடைத்து எடுத்த சாற்றை வெள்ளெலி முட்டைக்குள் செலுத்தினார். கருவுறும்போது வருகிற அதே துடிப்பு வந்தது. இரண்டு வருஷத்தில் எதிர்பாராத இடத்திலிருந்து இன்னொரு சாட்சி கிடைத்தது. பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஜான்பியெரோ பலெர்மோவும் குழுவினரும் 1992-இல் இக்ஸி முறையில் முதல் கர்ப்பங்களை அறிவித்தார்கள். மேற்பரப்பில் எந்த உரசலும் இல்லாமல் விந்தணுவை நேரே உள்ளே வைத்தால் போதும், குழந்தை பிறக்கிறது. குழந்தையில்லாத தம்பதிகளுக்காகச் செய்த ஒரு சிகிச்சை, அடிப்படை உயிரியலின் ஒரு வழக்கையும் சேர்த்துத் தீர்த்துவைத்தது.

விந்தணுவுக்குள் இருக்கும் பொருள் என்ன என்பது அடுத்த கேள்வி. 1996-இல் ஜான் பேரிங்டன், ஸ்வான், டோனி லாய் முதலியோர் வெள்ளெலி விந்தணுச் சாற்றிலிருந்து ஒரு புரதத்தை இனங்கண்டு, ஆஸிலின் என்று பெயரிட்டு ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். ஊர் முழுக்கப் பேச்சு. ஆனால் அந்தப் புரதம் செல்களில் சர்க்கரை வேதியியலில் ஈடுபடும் சாதாரண நொதி ஒன்றுதான் என்று தெரியவந்தது. அதைத் தனியாகத் தயாரித்து முட்டைக்குள் செலுத்தினால் துடிப்பு வரவில்லை. உண்மையான பொருள் சாற்றில் வேறெங்கோ கலந்திருந்தது. சுத்திகரிப்பில் கூடவே வந்த ஆஸிலின் அதன் பெயரைத் தட்டிக்கொண்டது.

இந்தத் துறையில் எனக்குப் பிடித்த பகுதி இதன் பிறகு வருகிறது. தவறிய குழுவினர் விலகிவிடவில்லை. விந்தணுச் சாறு முட்டையில் ஐ.பி.3 என்ற சின்ன மூலக்கூறை உண்டாக்குகிறது என்பது அதற்குள் தெரிந்திருந்தது. ஐ.பி.3-ஐ உண்டாக்குபவை பாஸ்ஃபோலிபேஸ்-சி என்ற நொதிக் குடும்பம். அதுவரை தெரிந்த உறுப்பினர்களை முட்டைக்குள் செலுத்திப் பார்த்தால், ஒரு விந்தணுவில் இருக்கச் சாத்தியமே இல்லாத அளவு தேவைப்பட்டது. அப்படியானால் இன்னும் பெயர் வைக்காத உறுப்பினர் ஒருவர் இருக்க வேண்டும். சுண்டெலி விந்தகத்தின் மரபணுத் துணுக்குகள் சேமிக்கப்பட்ட தரவுத்தளத்தில் லாயும் ஸ்வானும் தேடினார்கள். கிடைத்தது. 2002-இல் வேல்ஸின் கார்டிஃப் நகரிலிருந்து அந்தக் கட்டுரை வந்தது: பி.எல்.சி. ஸீட்டா, விந்தணுவில் மட்டும் இருப்பது, குடும்பத்திலேயே மிகச் சிறியது.

சான்றுகளை இம்முறை இறுக்கமாகவே கட்டினார்கள். அந்தப் புரதத்துக்கான ஆர்.என்.ஏ.வைச் சுண்டெலி முட்டைக்குள் செலுத்தியபோது கருவுறுதலில் காணும் துடிப்பே வந்தது. முட்டைகள் பல நாள் கரு நிலைவரை வளரவும் செய்தன. விந்தணுச் சாற்றிலிருந்து இந்தப் புரதத்தை மட்டும் எதிர்ப்பொருளால் பிடித்து நீக்கியபோது சாற்றின் சக்தி போய்விட்டது. அளவும் பொருந்தியது. ஒரு சுண்டெலி விந்தணுவில் இருப்பது 20 முதல் 50 ஃபெம்டோகிராம். ஒரு கிராமைப் பத்துக் கோடி கோடிப் பங்குகளாக்கினால் ஒரு பங்கு ஒரு ஃபெம்டோகிராம். முட்டையை எழுப்பத் தேவைப்பட்ட அளவும் அந்த எல்லைக்குள்ளேயே இருந்தது.

அது வேலை செய்யும் விதம் இது. விந்தணுத் தலையின் உட்கருவைச் சுற்றியுள்ள உறையில் தங்கியிருக்கும் பி.எல்.சி. ஸீட்டா, சவ்வுகள் இணைந்ததும் முட்டையின் சைட்டோபிளாசத்தில் பரவுகிறது. அங்கே ஒரு கொழுப்பு மூலக்கூறை வெட்டி ஐ.பி.3-ஐ விடுவிக்கிறது. முட்டையின் கால்சியக் கிடங்கு எண்டோபிளாச வலை. அதன் சுவரில் உள்ள கதவுகளில் ஐ.பி.3 போய் ஒட்ட, கதவு திறந்து கால்சியம் வெளியே கொட்டுகிறது. கொட்டிய கால்சியம் பக்கத்துக் கதவுகளையும் திறக்கத் தூண்டுகிறது. சரவெடியில் ஒரு வெடி அடுத்த வெடியின் திரியைப் பற்றவைப்பதுபோல அலை முட்டை முழுக்க ஓடுகிறது. பிறகு கால்சியத்தைப் பம்புகள் மறுபடி கிடங்குக்குள் இழுக்கின்றன, வெளியிலிருந்தும் கொஞ்சம் சேர்கிறது, கிடங்கு நிரம்பியதும் அடுத்த அலை. கதவுகளை ஓர் எதிர்ப்பொருளால் அடைத்துவிட்டால் வெள்ளெலி முட்டையில் அலையே எழுவதில்லை என்று மியாசாகியும் கத்சுஹிக்கோ மிக்கோஷிபாவும் 1992-லேயே காட்டியிருந்தார்கள்.

குடும்பத்தின் மற்ற நொதிகள் விழித்தெழவே நிறைய கால்சியம் கேட்கும். ஸீட்டா அப்படியல்ல, அமைதியாக இருக்கும் முட்டையின் மிகக் குறைந்த கால்சியத்திலேயே வேலையைத் தொடங்கிவிடுகிறது. இன்னொரு வினோதம், இதே புரதத்தை உடலின் வேறு செல்களுக்குள் உண்டாக்கினால் துடிப்பு வருவதில்லை. பூட்டும் சாவியும் ஒன்றுக்கொன்று பொருந்துவது முட்டைக்குள் மட்டும்தான். சுண்டெலியில் துடிப்பு நிற்கும் நேரமும் தற்செயலல்ல. புதிய உட்கருக்கள் உருவானதும் ஸீட்டா அவற்றுக்குள் போய் அடைபடுகிறது, அலைகள் ஓய்கின்றன.

அலை வந்தால் முட்டையில் என்ன மாறுகிறது? முதல் சில அலைகளிலேயே முட்டை தன் கதவைச் சாத்தத் தொடங்குகிறது. மேற்பரப்புக்கு அடியில் காத்திருக்கும் ஆயிரக்கணக்கான குமிழ்கள் வெளியே வெடித்து, ஓவஸ்டாசின் என்ற நொதியைக் கொட்டுகின்றன. அது உறையிலுள்ள ஒரு புரதத்தை வெட்டுகிறது, இனி வரும் விந்தணுக்களுக்கு அங்கே பிடிமானம் இல்லை. இதோடு, காம்கே-2 என்ற நொதி கால்சியம் பட்டு உயிர்பெற்று எமி-2-வின் மேல் குறியிடுகிறது, குறிபட்ட எமி-2 சிதைக்கப்படுகிறது. பிடி தளர்ந்த இயந்திரம் ஓடத் தொடங்கி, குரோமோசோம்கள் பிரிந்து, இரண்டாம் துருவ உறுப்பு வெளியே போகிறது. காம்கே-2-வின் முட்டைக்குரிய வடிவம் இல்லாத பெண் எலிகள் மலடு. அவற்றின் முட்டைக்குள் கால்சியத் துடிப்பு ஒழுங்காகவே வருகிறது, ஆனால் முட்டை அசைவதில்லை.

அப்படியானால் ஓர் அலை போதாதா, எதற்கு இத்தனை மணி நேரம்? புதிதாக வெளிவந்த சுண்டெலி முட்டைக்குப் பலவீனமான ஒரே தூண்டலைக் கொடுத்தால் விடை தெரியும். துருவ உறுப்பைத் தள்ளும் வரை முட்டை போகும், பிறகு உட்கருவை உருவாக்காமல் மறுபடி குரோமோசோம்களை வரிசையில் நிறுத்திக்கொண்டு நின்றுவிடும். இயற்கையில் இல்லாத அந்த நிலைக்கு மெட்டாஃபேஸ்-3 என்று பெயரே இருக்கிறது. நிறுத்தி வைக்கும் புரதங்களை முட்டை புதிதாகச் செய்துகொண்டே இருப்பதால், ஒருமுறை சிதைத்தால் தீராது. மீண்டும் மீண்டும் தட்ட வேண்டும். வெளிவந்து பல மணி நேரமான முட்டை லேசான தூண்டலுக்கே விழித்துவிடும். அதற்குள் அதன் பிடிமானம் தளர்ந்திருக்கும்.

கால்சியத்தோடு துத்தநாகமும் இந்த நாடகத்தில் உண்டு. இல்லினாய் மாநிலத்தின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் தெரசா உட்ரஃப், தாமஸ் ஒஹாலரன் குழு 2010, 2011-இல் கண்டது இது: சுண்டெலி முட்டை முதிரும்போது சுமார் 2,000 கோடித் துத்தநாக அணுக்களைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்கிறது, விழிக்கும்போது அலைகளோடு சேர்த்து அதில் ஒரு பகுதியைப் பீறிட்டு வெளியேற்றுகிறது. எமி-2 வேலை செய்யத் துத்தநாகம் வேண்டும் என்பதால், அதைக் கழிப்பதும் பூட்டைத் திறப்பதன் ஒரு பகுதிதான். 2016-இல் மனித முட்டையிலும் இது காட்டப்பட்டபோது, கருத்தரிக்கும் கணத்தில் ஒளி பளிச்சிடுகிறது, ஆன்மா நுழைவதற்கு அதுவே சாட்சி என்று காணொளிகள் உலகைச் சுற்றி வந்தன. ஒளி வந்தது துத்தநாகத்தோடு சேர்ந்தால் மின்னும்படி ஆய்வாளர்கள் முட்டையைச் சுற்றி ஊற்றியிருந்த சாயத்திலிருந்து. அந்த மனித முட்டைகளில் விந்தணு எதுவும் விடப்படவும் இல்லை. ஐயனோஃபோரோ பி.எல்.சி. ஸீட்டாவின் ஆர்.என்.ஏ.வோதான் அவற்றை எழுப்பின.

இதைப் படிக்கும்போது ஒரு கேள்வி எழலாம்: விந்தணுவே இல்லாமல் முட்டையை எழுப்ப முடியும் என்றால் தந்தை எதற்கு? பாலூட்டிகளில் அப்படி எழுப்பிய முட்டை கொஞ்ச தூரம் வளர்ந்து நின்றுவிடும். தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வரும் மரபணுக்களில் சில வெவ்வேறு விதமாக முத்திரையிடப்பட்டிருக்கின்றன, இரண்டும் வேண்டும் என்பதை 1984-இல் அஜீம் சுரானியும், தனியாக மெக்ராத், சோல்டர் இருவரும் காட்டினார்கள். லோபின் கடல் முள்ளெலிக்கு இல்லாத கட்டுப்பாடு இது.

மருத்துவத்துக்கு வந்தால், விந்துப் பரிசோதனை அறிக்கை எதைச் சொல்கிறது என்று பாருங்கள்: எண்ணிக்கை, நீந்தும் வேகம், வடிவம். ஸீட்டா இருக்கிறதா என்று அதில் ஒரு வரியும் இருக்காது. விந்தணுத் தலை உருண்டையாக, முன்முனைத் தொப்பி இல்லாமல் இருக்கும் குறையில் ஸீட்டாவும் பெரும்பாலும் இருப்பதில்லை. அதை நுண்ணோக்கியிலேயே பார்த்துவிடலாம். ஆனால் 2016-இல் துனீசியாவைச் சேர்ந்த சகோதரர்கள் இருவரைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அறிக்கைப்படி இருவருக்கும் விந்தணு சரியாகவே இருந்தது, இக்ஸி மட்டும் தோற்றுக்கொண்டிருந்தது. இருவரிடமும் ஸீட்டா மரபணுவின் இரு பிரதிகளிலும் ஒரே எழுத்துப் பிழை. இப்படிப்பட்டவர்களுக்கு விந்தணுவைச் செலுத்தியபின் முட்டையைச் சில நிமிடங்கள் ஐயனோஃபோர் திரவத்தில் வைத்து எழுப்புகிறார்கள். அப்படிக் குழந்தைகள் பிறந்திருக்கின்றன. அது தருவது துடிப்பல்ல, ஓரிரு பெரிய எழுச்சிகள் மட்டும். சுண்டெலியில் அழகாகத் துடிப்பைக் கொண்டுவரும் ஸ்ட்ரான்ஷியம் மனித முட்டையில் அப்படி நம்பகமாக வேலை செய்வதில்லை. ‘ரிப்போர்ட் நார்மல்’ என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு நம்மூரில் பழியை மனைவியின் முட்டை மேல் போடுகிற குடும்பங்களுக்கு இந்தச் சகோதரர்களின் கதையைச் சொல்ல வேண்டும்.

ஸீட்டாவின் கதையில் இன்னும் ஒரு திருப்பம் பாக்கி இருந்தது. நடுவில் கனடாவிலிருந்து பாப் என்ற வேறொரு விந்தணுப் புரதம் போட்டிக்கு வந்து, அது இல்லாத எலிகள் சாதாரணமாகக் குட்டி போட்டதால் பின்வாங்கியது. அதே கடும் சோதனையை ஸீட்டாவுக்கும் வைத்தாக வேண்டும் அல்லவா? மரபணுவைக் கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் கருவி கொண்டு நீக்கிய எலிகளை 2017-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு குழு அறிவித்தது. தலைமை தாங்கியவர், ஆஸிலின் கட்டுரையின் முதல் ஆசிரியரான அதே ஜான் பேரிங்டன். அடுத்த வருஷம் ஒசாகாவின் மசாஹிட்டோ இகாவா குழுவும் அதே மாதிரி எலிகளைப் பற்றி எழுதியது. அந்த ஆண் எலிகளின் விந்தணுவை இக்ஸியில் முட்டைக்குள் வைத்தால் துடிப்பு அறவே இல்லை. தூண்டும் பொருள் எது என்ற வழக்கு அங்கே முடிந்தது.

ஆனால் அவற்றை இயல்பாகப் பெண் எலிகளோடு விட்டபோது, எண்ணிக்கையில் குறைவாக இருந்தாலும், குட்டிகள் பிறந்தன. விந்தணு தானே முட்டையோடு இணையும்போது ஸீட்டா இல்லாமலேயே, வெகு தாமதமாக, மூன்று நான்கு கால்சிய எழுச்சிகள் வருகின்றன. அவற்றை எழுப்புவது எது என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. பரிணாமத்தில் ஸீட்டாவுக்கு முந்தைய ஏதோ ஒரு பழைய வழி மிச்சமிருக்கிறது என்பது ஓர் ஊகம். அந்த மெதுவான எழுச்சி முட்டையை விழிக்கவைக்கப் போதும், ஆனால் கதவைச் சாத்தப் போதாது. உறை கெட்டிப்படுவதற்குள் இரண்டாவது, மூன்றாவது விந்தணுவும் நுழைந்துவிடுகிறது. குரோமோசோம் கணக்கு தப்பிய அந்தக் கருக்கள் பிழைப்பதில்லை. குட்டிகளின் எண்ணிக்கை குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.